அஞ்சரைக் கட்டை

எங்க புன்னைவாடியில மொதல்ல வாயடைச்சுப் போனது செல்போனுங்கதான். மாதா கோயில் கொடியேத்தத்து அன்னைக்கிச் சாயங்காலம், ஜெபமாலை முடிஞ்சு, கோயில் மைதானத்துல இன்னாசி கீபோர்டு வாசிக்க அவன் தங்கச்சி கலிஸ்டா 'நீலச் சைக்கிள்' பாடிக்கிட்டிருந்த நேரத்துல, அத்தனை பேரு மடியிலயும் பையிலயும் கெடந்த போனுங்க ஒரே மூச்சுல ஊமையாப் போச்சு. விளக்கு எரியுது, பேரு வருது, நம்பர் வருது, சத்தம் மட்டும் இல்ல. எங்க ஊர்க்காரங்க அதுக்கு என்ன செஞ்சாவன்னு நெனைக்கீய? ஒன்னும் செய்யல. பாட்டு முடியட்டும்னு இருந்தாவ, முடிஞ்சதும் கை தட்டுனாவ, வீட்டுக்குப் போயி மீன் குழம்பச் சுட வச்சுத் தின்னுட்டுப் படுத்தாவ.

நான் மெட்டில்டா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல மெஸ் வச்சிருக்கேன். சாப்பிட வாரவன் சாப்பிட்டுட்டுப் போக மாட்டான், என்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டுத்தான் போவான், நான் கேட்டாலும் சரி, கேக்காட்டாலும் சரி. அதனால இந்த ஊருல நடந்தது எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது. இதை இன்னைக்கே சொல்லியாகணும். நாளைக்குன்னு தள்ளிப்போட முடியாது, ஏன்னு கடைசியில சொல்லுதேன்.

இன்னாசியும் கலிஸ்டாவும் ஒரு காலத்துல பெரிய மெல்லிசைக் குழு வச்சிருந்தாவ. டிரம்ஸுக்கு ஒருத்தன், கிதாருக்கு ஒருத்தன், தபேலாவுக்கு ஒருத்தன்னு ஒரு வேன் நெறைய ஆளு. கல்யாணத்துக்குக் கச்சேரி வைக்குத வழக்கம் விட்டுப் போனதும் ஒருத்தன் துபாய்க்குப் போனான், ஒருத்தன் உப்பளத்துக்குப் போனான், ஒருத்தன் சாராயத்துக்குப் போனான். மிஞ்சுனது அண்ணனும் தங்கச்சியும், துறைமுகத்துல ஒரு கப்பல்காரன்கிட்ட வாங்குன பழைய ஜப்பான் கீபோர்டும், சூட்கேஸ் மாதிரி ஒரு ரிதம் பாக்ஸும்தான்.

சினிமாப் பாட்டு பாட மாட்டாவ. எல்லாம் இன்னாசி சொந்தமாக் கட்டுன மெட்டு, போன மாசம் கட்டுனதாயும் இருக்கும், முந்தாநாள் கட்டுனதாயும் இருக்கும். ஆனா ரிதம் பாக்ஸ் டொக்கு டொக்குன்னு ஆரம்பிச்சு, அதுக்கு மேல கண்ணாடி வளையல் குலுங்குத மாதிரி அந்தக் கீபோர்டு டோன் வந்து விழுந்துச்சுன்னா, கேக்குத ஆளு மாதா மேல சத்தியம் பண்ணுவான், இது எங்க அக்கா கல்யாணத்துல போட்ட பாட்டுல்லா, இது நான் பத்தாங்கிளாஸ்ல பெயிலானப்ப டீக்கடையில ஓடுன பாட்டுல்லான்னு. கோயில் கமிட்டித் தலைவர் லெயோன் ஒருதடவ என் மெஸ்ஸுல உக்காந்து கண்ணத் தொடச்சிக்கிட்டே சொன்னாரு, இந்தப் பாட்டு ரேடியோவுல ஓடிக்கிட்டிருந்தப்பதான் எங்கப்பா என்ன பெல்ட்டால அடிச்சாரு, இப்பக் கேட்டாலும் முதுகு வலிக்குதுன்னு. அந்தப் பாட்ட இன்னாசி அதுக்கு முந்துன வாரந்தான் எழுதியிருந்தான். அவன் பக்கத்து எலையில சாம்பார ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டிருந்தான்.

பாடுதவிய சுருதியக் கட்டைக் கணக்குல சொல்லுவாவ. ஆம்பளைக்கு ஒன்னு, ரெண்டு. பொம்பளைக்கு அஞ்சு. எங்க கலிஸ்டாவுக்கு அஞ்சரை. சின்ன வயசுலேருந்து அவளுக்கு ஊருக்குள்ள பேரே அஞ்சரைக் கட்டை கலிஸ்டாதான், நோட்டீசுலகூட அப்படித்தான் போடுவாவ. வயசு ஏற ஏறக் கட்டைய எறக்கிக்கிடுதது எல்லாப் பாட்டுக்காரரும் செய்யுததுதான், அதுல ஒரு அசிங்கமும் இல்ல. ஆனா இவ மாட்டேன்னுட்டா. என் கட்டைய எறக்குனா அன்னைக்கே என் வாயத் தச்சிருவேன்னு அண்ணங்கிட்டச் சொல்லி வச்சிருந்தா. பெருமை புடிச்ச கழுதை. எனக்கு அவளப் புடிக்கும், அதான் திட்டுதேன்.

அந்தக் கொடியேத்தத்துக்கு முந்துன மாசம், ஒரு கல்யாண மண்டபத்துல, 'நீலச் சைக்கிள் நிக்குதடி, நெஞ்சு மட்டும் ஓடுதடி'ன்னு மேல போற எடத்துல அவ குரல் கீறிப் போச்சு. கீறுனது ஒரு நொடி. அத ரெண்டு பயலுவ போன்ல புடிச்சு, அந்த ஒரு நொடிய மட்டும் வெட்டி, ஊரு முழுக்க அனுப்பிச் சிரிச்சானுவ. கலிஸ்டா சோறு திங்கல. வாசலுக்கு வரல. அண்ணன் போயிக் கூப்பிட்டப்ப, இனிமே மேடைக்கு வரமாட்டேன்னு முந்தானையக் கடிச்சிக்கிட்டு அழுதா.

இன்னாசி என்ன செய்வான், பாவம். கூடப் பொறந்தவ ஒருத்திதான். கீபோர்டுல கட்டைய ஏத்தி எறக்குததுக்கு ஒரு பட்டன் இருக்கு, விரல மாத்த வேண்டாம், அமுக்குனா சுருதி தானா எறங்கும். கொடியேத்தத்து அன்னைக்கி, அந்த மேல போற எடம் வாரதுக்குக் கொஞ்சம் முன்னால, தங்கச்சிக்குத் தெரியாம அத ஒரு அமுக்கு அமுக்குனான். கட்டை எறங்கல. அஞ்சரை அஞ்சரையாவே நின்னுச்சு. எறங்குனது வேற. கீபோர்டுச் சத்தம் இன்னும் கொஞ்சம் பழசாச்சு, கலிஸ்டா குரல் அந்த எடத்துக்கு வெண்ணெய் மாதிரி ஏறிப் போச்சு, ஊரு செல்போனு அத்தனையும் வாயடைச்சுது.

போனு போனதுல யாருக்கும் வருத்தம் இல்ல. நிம்மதிடேன்னு சொன்னாவ. சட்டைப்பையில விளக்கு எரிஞ்சா எடுத்துப் பாத்துக்கிட்டாவ. பெறகு ஈஸ்டர் கச்சேரி, பெறகு லெயோன் புது வீட்டுப் பால்காய்ப்பு, பெறகு உப்பளச் சங்கத்து ஆண்டு விழா. ஒவ்வொரு கச்சேரிக்கும் சத்தம் இன்னும் பின்னால போச்சு, கலிஸ்டா குரல் இன்னும் எளசாச்சு, ஊருல எது புதுசோ அது சத்தமில்லாமப் போச்சு. புது மோட்டார் பைக்கு பூனை மாதிரி வந்து ரெண்டு ஆட்டுக் காலையும் ஒரு மீன்காரி காலையும் ஒடச்சுப் போட்டுது. அதுக்கு என்ன, புது பைக்குக்கு முன்னால ஒரு பழைய மொபெட்டு சத்தம் போட்டுக்கிட்டுப் போகணும்னு ஊருக்கூட்டத்துல முடிவு எடுத்தாவ, கல்யாண மாப்பிள்ளைக்கு முன்னால மேளம் போற கணக்கா. என் மெஸ்ஸுல குக்கர் விசில் போச்சு, பருப்பு கரிஞ்சுது, பரண்ல கெடந்த பழைய குக்கர எறக்குனேன். கோயிலுக்கு துபாய்க்குப் போன பயலுவ வாங்கிக் குடுத்த புது மணி ஊமையாச்சு, பழைய மணியத் தேடி எடுத்து மாட்டுனாவ. பழசுன்னா பழசுதான்யான்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சந்தோசப்பட்டுக்கிட்டாவ.

அதுக்கப்புறம் பச்சப்பிள்ளைவ.

தொட்டில்ல கெடந்த பிள்ளை வாயத் தொறக்கும், மொகம் செவக்கும், கண்ணுல தண்ணி ஓடும், சத்தம் வராது. தாய்மாரு என்ன செஞ்சாவன்னா, தொட்டிலுக்கும் தன் கால் பெருவெரலுக்கும் நூல் கட்டிக்கிட்டு வேலையப் பாத்தாவ. பிள்ளை காலுக்குப் புதுக் கொலுசு போட்டா கொலுசும் பேசல, அதனால பெட்டியில கெடந்த பழைய வெள்ளிக் கொலுச எடுத்துப் போட்டாவ, ஊரு முழுக்கப் பழைய வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்துது. பள்ளிக்கூடத்துல எல்.கே.ஜி. அமைதியாச்சு, ஒன்னாங்கிளாஸ் அமைதியாச்சு, அமைதி ஒவ்வொரு கிளாஸா மேல ஏறுச்சு. டீச்சர்மாரு மொதல்ல பயந்தாவ, பெறகு பழகிட்டாவ, பெறகு என் மெஸ்ஸுல வந்து காப்பி குடிச்சிட்டு, இப்படி ஒரு வகுப்ப என் சர்வீஸ்லயே பாத்ததில்லக்கான்னாவ. வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவியளும் உண்டு. தொண்டை நல்லாத்தான் இருக்கு, நாக்கு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பிச்சாவ. அங்க போனாலும் சத்தம் வரல.

கச்சேரியால வருதுன்னு தெரியாதான்னு கேப்பீய. தெரியும். எல்லாருக்கும் தெரியும், கலிஸ்டா ஒருத்தியத் தவிர. ஆனா கச்சேரி அப்படி இருந்துது. ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில ஒரு வருசத்த எடுத்து வச்ச மாதிரி இருக்கும், தொலஞ்சு போன மனுசர் வாசனையெல்லாம் வரும். அதுபோக, பாட்டு முடிஞ்சதும் கை தட்டுவம்லா, சின்னவிய கை தட்டுனாச் சத்தம் வராது, அதுவும் போயிட்டுது. வயசானவிய கைதட்டு மட்டுந்தான் மேடைக்குக் கேக்கும். இன்னும் பழசு, இன்னும் பழசுன்னு அந்தக் கை கேக்கும். இன்னாசி விரலும் அந்தக் கைக்குத்தான் பதில் சொல்லும்.

முன் வரிசையில எப்பவும் சவரியார் தாத்தா உக்காந்திருப்பாரு. எங்க ஊருலயே வயசுல மூத்தவர், கல்லுக் காது, இடி விழுந்தாலும் தெரியாது. மீன்பிடி போட்டுல எஞ்சினுக்குப் பக்கத்துலயே காலம் பூரா நின்னவரு, அப்பமே காது போச்சு. யாரு பேசுனாலும் உதட்டப் பாத்துப் புரிஞ்சிக்கிடுவாரு. கச்சேரியில கலிஸ்டா உதட்டயே பாத்துக்கிட்டிருப்பாரு, பெறகு பின்னால திரும்பி மத்தவிய கை தட்டுதாவளான்னு பாத்துட்டுத் தானும் தட்டுவாரு. அவரப் பாத்து எல்லாரும் சிரிப்போம்.

இப்ப ஜெனிட்டாவப் பத்திச் சொல்லணும். கலிஸ்டாவுக்கு ஒரே மக. சுனாமி வந்து போன மறுவாரம், பள்ளிக்கூடத்து முகாம்ல, ஊரே பித்துப் பிடிச்ச மாதிரி வாயத் தொறக்காம உக்காந்திருந்தப்பப் பொறந்தா. அவ வீல்னு அழுத சத்தத்தக் கேட்டுத்தான் நாங்க எல்லாரும் எந்திரிச்சு அடுப்புல ஒலை வச்சோம். அந்தச் சத்தம் அதுக்கப்புறம் ஓயவே இல்ல. தூக்கத்துலயும் பேசுவா. படிச்சு முடிச்சதும் பஸ் ஸ்டாண்டுல அறிவிப்புச் சொல்லுத வேல கெடச்சுது. எங்க பஸ் ஸ்டாண்டுக் குழாய் ஸ்பீக்கர் எங்கள்ல பாதிப் பேர விட மூத்தது, அது வழியா அவ குரல் மைதானம், மீன் மார்க்கெட், என் அடுப்படி வரைக்கும் வரும். திருச்செந்தூர் பஸ்ஸ அவ சொல்லுததக் கேட்டுத்தான் நான் சோத்த வடிப்பேன். இந்த ஊருக்குக் கடியாரம் அவதான்.

மறுவருசத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், மூணு பேரும் என் மெஸ்ஸுல சாப்பிட்டுக்கிட்டிருந்தாவ. ஜெனிட்டா பேசிக்கிட்டே இருந்தவ, மோர ஊத்திக்கிட்டே சொன்னா, "மாமா, எங்கூட வேல பாக்குத ரீட்டா இருக்காள்லா, அவ தங்கச்சிக்கும் போயிட்டு. என்ன விடக் கொஞ்சந்தான் சின்னவ. அடுத்த கச்சேரிக்கு நானா?"

"வாயக் கழுவு" அப்படின்னா கலிஸ்டா.

"கழுவிக்கிடலாம்மா. இருக்கும்போதே பேசிக்கிடுதேன்."

இன்னாசி சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தான், வாயில வைக்கல. கலிஸ்டா அவன் கையவே பாத்தா. பெறகு மெதுவாக் கேட்டா, "அண்ணே, என் கட்டைய எறக்குனியா?"

"இல்லட்டி. சத்தியமா எறக்கல. அஞ்சரைதான் நிக்குது."

"அப்ப எனக்கு ஏன் மூச்சே வாங்கல? போன வருசம் கீறுன எடத்துல இப்ப நின்னு வெளையாடுதேன். வாரவன் எல்லாம் பதினெட்டு வயசுக் குரலுங்கான். நான் மாதா செஞ்ச புதுமைன்னுல்லா மெழுகுதிரி கொளுத்திக்கிட்டிருக்கேன்."

அவன் எல நுனிய மடக்கி மடக்கி விட்டான். "பட்டன அமுக்குனேன். கட்டை எறங்கல, வருசம் எறங்குச்சு. மொதல்ல எனக்கே தெரியல. தெரிஞ்சப்ப நீ நல்லாப் பாடிக்கிட்டிருந்த. மொகத்துல வெளிச்சம் வந்துட்டுது. அந்தப் பயலுவ சிரிச்ச சிரிப்ப நெனச்சேன், விட்டுட்டேன்."

"இப்ப எந்த வருசத்துல நிக்குது?"

"சுனாமி முடிஞ்சு கொஞ்சம் இங்கிட்டு."

கலிஸ்டா எழுந்திரிக்கல, கத்தல. மக மொகத்த ஒருதடவ பாத்தா, எலையத் தண்ணி தெளிச்சு மடக்குனா. "எத்தன பிள்ளை வாயத் தின்னுட்டு நான் பாடியிருக்கேன்" அப்படின்னா. நான் அன்னைக்கி ரசத்துல உப்புப் போட மறந்துட்டேன்.

சாயங்காலம் நேரா கமிட்டிக் கூட்டத்துக்குப் போயி, இனிமே பாட மாட்டேன்னுட்டா. லெயோன் நல்ல மனுசர், யாரையும் கடிஞ்சு பேச மாட்டாரு, அதான் அவருகிட்ட பயமே. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "கலிஸ்டா, கொரல்தான போச்சு, உசுரா போச்சு? பிள்ளைவ சாப்பிடுதுவ, படிக்குதுவ, அடங்கி இருக்குதுவ. பத்தாந்திருநாளுக்கு வெளியூர்லேருந்தெல்லாம் வாராவ. உனக்கு முடியலன்னா பரவால்ல, உங்கண்ணன் கீபோர்டு மட்டும் வாசிக்கட்டும். எதுக்கும் சபையக் கேட்டுருவோம். கச்சேரி வேண்டாங்கிறவிய சொல்லுங்க."

மண்டபத்துப் பின் பாதி முழுக்க சின்னஞ்சிறுசுவதான் நின்னுது. எல்லா வாயும் அசஞ்சுது. கையத் தூக்கிக் கையத் தூக்கி ஆட்டுனாவ, பெஞ்சத் தட்டுனாவ. பெஞ்சும் புதுசுதான். லெயோன் காதக் குடுத்துக் கேட்டுப் பாத்துட்டு, ஆட்சேபனை ஒன்னும் இல்லன்னு சொல்லிக் கூட்டத்த முடிச்சாரு. அண்ணன் மட்டும் மேடைக்குப் போனா அந்தக் கைதட்டுக்கு அவன் விரல் நிக்காதுன்னு கலிஸ்டாவுக்குத் தெரியும். அதனால பாடுதேன்னு சொல்லிட்டா.

பத்தாந்திருநாள் அன்னைக்கி மைதானத்துல எள்ளு போட்டா விழாது. ஜெனிட்டாவுக்கு அன்னைக்கி ஸ்பெஷல் பஸ் டூட்டி, பாட்டுக்கு நடுவுல தூரத்துலேருந்து அவ குரல் வந்து வந்து போகுது. கலிஸ்டா மாந்தளிர்க் கலர் சேலையில மேடைக்கு வந்தா. மைக்கப் புடிச்சுக்கிட்டு, ஊரு முழுக்கக் கேக்குத மாதிரி, "அண்ணே, எனக்கு வயசாயிட்டு. கட்டைய எறக்கு. பட்டனத் தொடாத, கையாலயே கீழ எறக்கி வாசி" அப்படின்னா. கூட்டம் சிரிச்சுது, தமாசுன்னு நெனச்சுது. இன்னாசிக்கு அழுகை வந்துட்டுது. ரிதம் பாக்ஸ நிறுத்துனான். வெரல எறக்கி வச்சான்.

அவ பாடுனது நாங்க கேக்காத பாட்டு. யாரு கல்யாணத்துலயும் போடாத பாட்டு, எவனுக்கும் எதையும் ஞாபகப்படுத்தாத பாட்டு. நாலு கட்டையில, கீறுன தொண்டையில, கரகரன்னு, 'கடைசி பஸ்ஸு போனா என்ன, காலு ரெண்டும் இருக்கு'ன்னு ஆரம்பிச்சா. அழகான குரல்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ஐம்பது வயசுப் பொம்பளை, முட்டு வலிக்குத பொம்பளை, இன்னைக்கி உக்காந்து இன்னைக்கிப் பாடுத பாட்டு அது. ரெண்டாவது அடி பாடும்போது கூட்டத்துல எங்கியோ ஒரு செல்போனு மணி அடிச்சுது. பெறகு என் பின்னால, ஒரு இடுப்புல, ஒரு கைக்குழந்தை வீல்னு அழுதுது.

அந்தப் பிள்ளையப் பெத்தவ சிலையா நின்னா. தன் பிள்ளை கொரல அவ அப்பந்தான் மொதமொத கேக்குதா.

எங்க ஊரு என்ன செஞ்சுது தெரியுமா? 'உஷ்'னு அடக்குச்சு. எவன்டே அது போனு, எவட்டி அது பிள்ளைய வச்சிக்கிட்டு முன்னால நிக்குததுன்னு நாலாபக்கமும் 'உஷ்'னுது. கலிஸ்டா பாட்டு முடிஞ்சதும் ஒரு கை தட்டல. சின்னவிய எல்லாம் பின்னால தட்டியிருப்பாவ, அது யாருக்குக் கேக்கப் போவுது. லெயோன் முன் வரிசையில எந்திரிச்சு நின்னு, சிரிச்ச மொகமா, கண்ண மூடிக்கிட்டு, 'நீலச் சைக்கிள் நிக்குதடி'ன்னு மெல்ல முணுமுணுத்தாரு. பக்கத்துல இருந்தவரு சேந்துக்கிட்டாரு. அந்த வரிசை சேந்துச்சு, அடுத்த வரிசை சேந்துச்சு. இன்னாசி ரெண்டு கையையும் தூக்கித் தலைக்கு மேல வச்சிக்கிட்டான், கீபோர்டத் தொடவே இல்ல. ஆனா அந்தக் கண்ணாடி வளையல் சத்தம் வந்துது. எங்க தொண்டையிலேருந்தே வந்துது. ரிதம் பாக்ஸும் எங்க நெஞ்சுக்குள்ளயிருந்தே டொக்கு டொக்குன்னு அடிச்சுது. அவ்வளவு நல்லா அந்தப் பாட்டு அதுக்கு முன்ன எப்பவும் இருந்ததில்ல, கூட்டமே ஆடிக்கிட்டு நின்னுச்சு.

குழாய் ஸ்பீக்கர்ல ஜெனிட்டா, "பயணிகளின் கவனத்திற்கு, திருச்செந்தூர் செல்லும் சிறப்புப் பேருந்து இன்னும் சற்று நேரத்தில்" அப்படின்னா. அதோட நின்னுச்சு. ஸ்பீக்கர் மட்டும் பழசுல்லா, அது பாட்டுக்கு உர்ருன்னு எரஞ்சுக்கிட்டிருந்துது.

கலிஸ்டா மைக்கக் கீழ போட்டா. மேடையிலேருந்து குதிச்சு, செருப்பில்லாம, கூட்டத்துக்குள்ள இடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டப் பாத்து ஓடுனா. எங்க யாருக்கும் அவளுக்கு வழிவிடத் தோணல. முணுமுணுத்துக்கிட்டே நின்னோம்.

மறுநாளு இன்னாசி கீபோர்டக் கட்டுமரத்துல வச்சுக் கொண்டுபோயிக் கடல்ல போட்டுட்டு வந்தான். அதால ஒரு பிரயோசனமும் இல்ல. பாட்டு இப்ப எங்க வாயில இருக்கு. ரேஷன் கடை வரிசையில யாரோ ஆரம்பிப்பாவ, வலை பின்னுத எடத்துல யாரோ தொடருவாவ, வேணும்னு பாடுததும் இல்ல, தன்னால வரும். கல்லூரிப் பிள்ளைவ போச்சு. அதுவளப் பெத்தவிய போச்சு. ஒருத்தருக்குப் போனா, அவருக்கு மூத்தவரு ஐயோ பாவம்னு சொல்லுவாரு, சொல்லிட்டுத் தன்னையறியாம அதயே முணுமுணுப்பாரு. நாம பொறந்த வருசம் வரைக்கும் வராது, அதுக்கு முன்னால நின்னுரும்னு ஆளாளுக்கு ஒரு நம்பிக்கை. எலும்பு தேயுத மாதிரி ஊரு தேயுது. லெயோன் தம்பிக்குப் போயிட்டுது, அவரு இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. பஸ் எல்லாம் யாரும் சொல்லாமயே வந்து போவுது, நாங்களும் எட்டி எட்டிப் பாத்து ஏறிக்கிடுதோம்.

ஜெனிட்டா வேலைக்குப் போறத நிறுத்தல. தெனமும் அறிவிப்பு அறைக்குள்ள போயிக் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து, மைக்க ஆன் பண்ணி, வாய அசைக்கா. கலிஸ்டா அன்னைக்கிலேருந்து வாயத் தொறக்கல. பேச்சும் இல்ல, பாட்டும் இல்ல. கண்ணாடிக்கு வெளிய பயணியர் பெஞ்சுல தலையக் குனிஞ்சு உக்காந்திருப்பா. நான் சோறு கொண்டுபோயிக் குடுத்தாத் திம்பா. மக மொகத்த நிமிந்து பாக்க மாட்டா. மக தன்னத்தான் திட்டிக்கிட்டிருக்கான்னு அவளுக்கு ஒரு நெனப்பு, நானும் அப்படித்தான் நெனச்சேன். திட்டுனாலும் தப்பில்லன்னுதான் தோணுச்சு.

நேத்து மத்தியானம் சவரியார் தாத்தா பஸ்ஸுக்கு வந்தாரு. கண்ணாடிக்கு முன்னால நின்னு ஜெனிட்டா உதட்டயே பாத்தாரு. நான் சும்மா இருக்க மாட்டாம அவரு முன்னால போயி நின்னு, வாய நல்லாத் தொறந்து, "தாத்தா, எந்த பஸ்ஸச் சொல்லுதா?"ன்னு கேட்டேன்.

காது கேக்காதவிய சத்தமாத்தான் பேசுவாவ. ஸ்டாண்டு முழுக்கக் கேக்குத மாதிரி சொன்னாரு, "பஸ்ஸையா? பஸ்ஸ எங்க சொல்லுதா? பாடுதால்லா. இவ அம்மை அன்னைக்கிக் கீழ எறக்கிப் பாடுனாளே, கடைசி பஸ்ஸு போனா என்னன்னு, அந்தப் பாட்டு. தெனமும் அதத்தான் பாடிக்கிட்டிருக்கா. ஒங்களுக்கு எல்லாம் கேக்குதுன்னுல்லா நான் இத்தன நாளும் நெனச்சேன்."

கலிஸ்டா நிமிந்தா. எந்திரிச்சு, முட்டப் புடிச்சுக்கிட்டு, கண்ணாடிக்கிட்டப் போனா. ஜெனிட்டா உள்ளேருந்து கையக் கண்ணாடியில வச்சா, இவ வெளியேருந்து வச்சா. மக நிறுத்தல, பாடிக்கிட்டே தலைய ஆட்டுனா, வாம்மா, வாம்மான்னு கூப்பிடுத மாதிரி. கலிஸ்டா சேலைத் தலைப்பால மூக்கத் தொடச்சா, தொண்டையக் கனைச்சா, வாயத் தொறந்து மொத வரியப் பாடுனா.

சத்தம் வரல.

அவ பொறந்த வருசம் காலையிலயே போயிருந்துது. வாயே தொறக்காம இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும். கழுத்துல நரம்பு பொடைக்குது, உதடு அந்தப் பாட்டத்தான் பாடுது, ஒன்னும் கேக்கல. அவளுக்கும் அது புரிஞ்சுது, கண்ணுலேருந்து தண்ணி ஊத்துச்சு, ஆனா நிறுத்தல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, பாட்டு முழுசையும் பாடி முடிச்சாவ. சவரியார் தாத்தா கை தட்டுனாரு. வாழ்க்கையில மொத தடவயா, பின்னால திரும்பி யாரயும் பாக்காமத் தட்டுனாரு.

கலிஸ்டாவ விட நான் ஒரு வருசம் மூத்தவ. அதான் இன்னைக்கே சொல்லணும்னேன். இப்ப என் மெஸ்ஸுக்குள்ள, எல போட்டு உக்காந்திருக்குதவியள்ல யாரோ ஒருத்தர் 'நீலச் சைக்கிள'த் தொடங்கிட்டாவ, எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. நான் உள்ள போயி நிறுத்தச் சொல்லணும், சொல்லுததுக்கு எனக்கு வாய் இருக்கும்போதே.